ஐந்து நிமிடப் புகை

மூடியின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டு அவள் நின்றிருந்தபோது உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

“டெய்லரம்மா...”

கடைசி எழுத்தில் ஒரு சின்ன இழுப்பு. அளவு கொடுக்க வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கூப்பிடுவாரே, அந்த மாதிரி. தையல்காரியைக் கட்டிக்கொண்டோம் என்பது கல்யாணமான முதல் வாரத்தில் அவருக்குக் கிடைத்த வேடிக்கை. முப்பத்தோரு வருடமாக அதை அவர் விடவில்லை. தெருவுக்கு அவள் அக்கா, மகனுக்கு அம்மா. டெய்லரம்மா என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஒரு வாய்தான் இருந்தது.

அவள் மேடையிலிருந்த மணியைப் பார்த்தாள். முறுக்கிவிட்டால் டிக் டிக் என்று திரும்பி வந்து கடைசியில் அடிக்கிற உருண்டையான சமையல் மணி. அவர் வேலை பார்த்த கப்பலிலிருந்து வந்தது. அவர்களாகக் கொடுத்தார்களா, இவராக எடுத்துக்கொண்டு வந்தாரா என்று அவள் கேட்டுக்கொண்டதில்லை. ஐந்தில் வைத்தது இப்போது மூன்றுக்கு வந்திருந்தது.

“இதோ வர்றேங்க. மணி அடிச்சிடட்டும்” என்று திரும்பாமலே குரல் கொடுத்தாள்.

கையை எடுக்க முடியாது. அந்தப் பாத்திரத்தின் மூடி ஒரு பக்கம் நெளிந்திருந்தது. அழுத்திப் பிடிக்காவிட்டால் புகையெல்லாம் அந்த நெளிசல் வழியாகக் கசிந்துவிடும். புகை போய்விட்டால் பிறகு அது என்ன, வெறும் பழக்கூழ். பாதியில் திறந்தால் என்ன ஆகும் என்பது அவள் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம். மகன் கைக்குழந்தையாக இருந்தபோது ஒருமுறை, உள்ளே அப்படி என்னதான் நடக்கிறது என்று மூன்றாவது நிமிடத்தில் தூக்கிப் பார்த்துவிட்டாள். சோறு குழைந்தாலும், எதிலும் உப்பே இல்லாவிட்டாலும் வாய் திறக்காமல் சாப்பிடுகிற மனிதர், அதற்காக இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் கப்பலுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு எட்டு மாதம் அவள் அந்த மூடியை நினைத்து நினைத்து நொந்துகொண்டாள். அன்றிலிருந்து அவர் மணியை முறுக்கிவிட்டால் அவள் சமையலறைப் பக்கமே போவதில்லை.

சரக்குக் கப்பலில் அவர் சமையல்காரர். தெரு அவரைக் கேப்டன் என்றுதான் சொல்லும். அவரும் ஒருநாளும் மறுத்ததில்லை. எத்தனையோ துறைமுகங்களில் எதையெதையோ கற்றுக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்தால் செய்வது இது ஒன்றுதான். வெண்ணெய்ப்பழத்தை மசித்துச் செய்கிற குவாக்கமோலே. அந்தப் பெயர் அவள் வாயில் நுழையவில்லை, நுழைய விடவும் இல்லை. பச்சைக் களிம்பு என்று பெயர் வைத்திருந்தாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டால், ஒரு துறைமுகத்துல ஒரு அம்மா என்பார். எந்தத் துறைமுகம், எந்த அம்மா என்று கேட்டால் தாடையைத் தடவிக்கொண்டு சிரிப்பார். புகை மட்டும் அந்த அம்மா சொல்லிக் கொடுத்தது இல்லை. அது இந்த வீட்டில் வந்தது. அவள் கரி இஸ்திரிப்பெட்டி வைத்துக் கோட்டுத் துணிகளை அழுத்திக்கொண்டிருந்த காலத்தில், அந்தப் பெட்டியைத் திறந்து இடுக்கியால் ஒரு நெருப்புக் கங்கை எடுத்துக்கொண்டு ஓடினார் ஒருநாள். வேலை கெடுகிறது என்று அவள் கத்தக் கத்த, சின்னக் கிண்ணத்தில் போட்டு, மசித்த பழத்தின் நடுவில் வைத்து, மேலே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மூடினார். கப்பலில் இதைச் செய்யவே முடியாது, அங்கே எல்லாம் மின்சார அடுப்பு, கங்குக்கு எங்கே போவேன் என்பார். இந்த வாசனைக்காகத்தான் வீட்டுக்கு வருகிறேன் என்றும் ஒருமுறை சொன்னார். அப்போ எனக்காக வரவில்லையா என்று அவள் சண்டை பிடித்தாள்.

இந்தத் தடவை அவர் வந்தது கப்பலிலிருந்து இல்லை, ஆஸ்பத்திரியிலிருந்து. இனிமேல் நாள் கணக்குத்தான், வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்னார். எதுவும் வேண்டாம் என்று ஆறு நாளாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தவர், ஏழாம் நாள் இதைக் கேட்டார். அவள் ஓடிப்போய் மூன்று வெண்ணெய்ப்பழம் வாங்கி வந்தாள். மூன்றும் கல் மாதிரி இருந்தன. செய்தித்தாளில் சுற்றி வாழைப்பழங்களோடு சேர்த்துக் கூடையில் போட்டாள். தினமும் காலையில் எழுந்ததும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பாள். இன்னைக்கு எப்படி என்று அவர் கண்ணால் கேட்பார். இன்னும் கல்லுதாங்க என்பாள்.

“நானா அதுவான்னு பார்த்துடலாம்” என்று ஒருநாள் சொன்னார். அவள் அவருக்கு முன்னால் அழக்கூடாது என்று மொட்டை மாடிக்குப் போய்த் துணி காயப்போட்டாள். காய்ந்த துணியையே எடுத்து மறுபடி காயப்போட்டாள்.

இன்று காலையில் இரண்டு பழங்கள் கனிந்திருந்தன. அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு. பரணிலிருந்து பழைய இஸ்திரிப்பெட்டியை இறக்கித் தூசு தட்டினாள். அவருக்கு இரண்டு நாளாகக் குரல் கட்டில் சட்டத்தைத் தாண்டவில்லை. கூடமாட இருக்க வந்திருந்த நர்ஸ் பெண் அவர் வாயருகே காதை வைத்துக் கேட்டு, சமையலறைக்கும் உள்ளறைக்குமாக நடந்தாள்.

“அம்மா, தக்காளித் தோல் நல்லாக் கருகணுமாம். வாடினா மட்டும் பத்தாதாம்.”

“அம்மா, வெங்காயத்தை உரிக்காமலே நெருப்புல போடணுமாம்.”

“எலுமிச்சம்பழம் பாதிதான் பிழியணுமாம். நீங்க முழுசாப் பிழிஞ்சிடுவீங்களாம், அவருக்குத் தெரியுமாம்.”

அவள் அப்போதுதான் முழுதாகப் பிழிந்து முடித்திருந்தாள். சொல்லவில்லை. தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய், இரண்டு பல் பூண்டு எல்லாவற்றையும் தீயில் வாட்டித் தோலுரித்து இடித்தாள். பழத்தை முள்கரண்டியால் மசித்தாள். ரொம்பவும் கூழாக்க வேண்டாம், பல்லுக்குக் கொஞ்சம் தட்டுப்பட வேண்டும் என்று உத்தரவு வந்தது. பல்லில் பட இந்த மனிதருக்கு எதை எடுத்து உள்ளே தள்ள முடியும்? உதட்டை நனைப்பதே பெரும்பாடாக இருந்தது. சாப்பிட வேணாம், மூக்குகிட்ட காட்டினாப் போதும் என்று அவரே சொல்லியிருந்தார். கடைசி உத்தரவு மூடியைப் பற்றி. மணி அடிக்கிற வரைக்கும் திறக்கக்கூடாது. அதை நர்ஸ் பெண் இரண்டு தடவை வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

மணி அடித்தது.

அவள் மூடியைத் தூக்கினாள். புகை முகத்தில் வந்து மோதிற்று. சரியாக வந்திருந்தது. அவளுக்கே தெரிந்தது, சரியாக வந்திருந்தது. ஒரு கரண்டி எடுத்துச் சின்னத் தட்டில் வைத்துக்கொண்டு, மறுபடி மூடிவிட்டு, வந்துட்டேன் வந்துட்டேன் என்று சொல்லிக்கொண்டே போனாள்.

நர்ஸ் பெண் கட்டிலருகே நின்றிருந்தாள். அவருடைய கை அவள் கையில் இருந்தது. “அம்மா” என்றாள். பிடித்திருந்த கையை மெதுவாகப் போர்வை மேல் வைத்தாள்.

அவருடைய முகம் சமையலறைப் பக்கம் திரும்பியிருந்தது. அவள் தட்டைக் கீழே வைக்காமல் கட்டிலில் உட்கார்ந்தாள். அவர் மூக்குக்கு நேராக அதைப் பிடித்தாள். கை வலித்ததும் மறு கைக்கு மாற்றிப் பிடித்தாள். நர்ஸ் பெண் தடுக்கவில்லை. புகை வாசனை அடங்குகிற வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு வீடு அவள் கையை விட்டுப் போய்விட்டது. யார் யாரோ வந்தார்கள். நாற்காலிகள் வந்தன. அவருடைய தங்கை மதியத்துக்குள் வந்து சேர்ந்தாள். நாத்தனாருக்கு அழுகையும் ஒழுங்கும் ஒன்றாகவே வரும். அண்ணன் மேல் விழுந்து அழுதுகொண்டே போர்வை நுனியை இழுத்துச் சரிசெய்தாள். அழுது முடித்து நிமிர்ந்ததும் மூக்கைச் சுளித்தாள்.

“என்ன அண்ணி, வீடெல்லாம் இப்படிப் புகை வாசனை அடிக்குது?”

ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டாள். சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தைத் தொட்டபோது, “அதை எடுக்காத” என்று அவள் இங்கிருந்தே சொன்னாள். சொன்ன விதத்தில் கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சாயங்காலம் மகன் வந்தான். வேறு ஊரில் வங்கியில் வேலை. அப்பாவின் காலடியில் ரொம்ப நேரம் நின்றுவிட்டு அவளிடம் வந்து உட்கார்ந்தான். கடைசியாக அப்பா ஏதாவது சொன்னாரா என்று கேட்டான். எல்லாப் பிள்ளைகளும் கேட்பதுதான். இல்லை என்று அவள் தலையாட்டினாள். கூப்பிட்டார், நான் போகவில்லை என்று எப்படிச் சொல்வது? பத்தடி தூரம். கையில் குழந்தையா இருந்தது, விட்டுவிட்டு வர முடியாமல்? ஒரு மூடி. நெளிந்த மூடி. என்ன வேண்டியிருந்ததோ. தண்ணீரோ, பயமோ, ஒரு வார்த்தையோ. அதை இனி யாரிடம் போய்க் கேட்பது? தெரிந்தவள் ஒருத்திதான், அந்த நர்ஸ் பெண். அவளோ காலையிலிருந்து இவள் முகத்தைப் பார்க்காமல் நடமாடிக்கொண்டிருந்தாள். நாளைக்கு வந்து பையை எடுத்துக்கொள்கிறேன் என்று மகனிடம் சொல்லிவிட்டு இருட்டுவதற்குள் போய்விட்டாள்.

கப்பலில் போட்டுக்கொள்கிற வெள்ளைக் கோட்டைத்தான் போட்டு அனுப்ப வேண்டும் என்று நாத்தனார் ஒற்றைக்காலில் நின்றாள். எடுத்துப் பார்த்தால் இரண்டு பேர் நுழையலாம் போலிருந்தது. அவர் அவ்வளவு இளைத்திருந்தார். அவள் டேப்பை எடுக்கவில்லை. கண்ணளவிலேயே தோளில் ஒன்றரை அங்குலம், முதுகில் நாலு அங்குலம் பிடித்தாள். அவருக்கு அவள் தைத்தவற்றிலேயே இதுதான் சின்னது. மிஷின் ஓடுகிறவரைக்கும் ஒன்றுமில்லை. காலை நிறுத்தினால் அந்தச் சத்தத்துக்கு அடியிலிருந்து, கடைசி எழுத்தை இழுத்துக்கொண்டு, அந்தக் குரல் வரும் போலிருந்தது. அதனால் தையல் முடிந்த பிறகும் வெறும் துணியில் ஓட்டிக்கொண்டிருந்தாள். போதும்மா என்று மகன் வந்து சக்கரத்தில் கையை வைத்து நிறுத்தினான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனித்தாள். பக்கத்து வீட்டில் யாரோ வாளியை வைக்கும் சத்தம்தான் கேட்டது.

மறுநாள் காலையில் கொண்டுபோனார்கள். அவளும் வண்டியில் போனாள். வழியெல்லாம் அவளுக்கு டிக் டிக் என்று கேட்டது. இண்டிகேட்டர் என்று பிறகுதான் புரிந்தது. வண்டி திரும்பி முடிந்ததும் சத்தம் நின்றது. அடுத்த திருப்பத்தில் மறுபடி வந்தது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் உள்ளங்கைகள் தாமாகவே மடியில் அழுந்தின.

திரும்பி வந்தபோது வீடு கழுவிவிடப்பட்டிருந்தது. வீட்டிலேயே இருந்துகொண்ட நாத்தனார் ஒரு வேலை பாக்கி வைக்கவில்லை. உள்ளறையில் மெத்தையைச் சுருட்டிச் சுவரோடு நிமிர்த்தியிருந்தாள். மருந்துப் பாட்டில்களை ஒரு பைக்குள் கட்டியிருந்தாள். சமையலறையில் அந்தப் பாத்திரம் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மூடி பளபளவென்று இருந்தது. நெளிசலில்கூடக் கறுப்பில்லை.

“மேலெல்லாம் கறுத்துப் போயிருந்துச்சு அண்ணி. பூசணம் மாதிரி. அதைப் போய் வெச்சிக்கிட்டு என்ன பண்றது?”

நல்ல மனசோடுதான் செய்தாள். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், அந்த நிமிடத்தில் நாத்தனாரை இரண்டு தோளையும் பிடித்துக் குலுக்க வேண்டும் போலிருந்தது. ஒருவர்கூட ஒரு வாய் ருசி பார்க்கவில்லை. எதற்காகப் போகாமல் நின்றாளோ, அது குப்பைத் தொட்டிக்குப் போய்விட்டது. அவள் முகத்தைக் கழுவுகிற சாக்கில் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

பிற்பகலில் கூட்டம் கரைந்தது. நர்ஸ் பெண் பையை எடுக்க வந்தாள். எடுத்துக்கொண்டு அப்படியே போயிருப்பாள். அவள்தான் வழியை மறித்த மாதிரி கதவருகே நின்றாள். நேற்றிலிருந்து தொண்டைக்குள் வைத்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டாள்.

“எதுக்கும்மா என்னைக் கூப்பிட்டார்? என்ன வேணும்னார்?”

நர்ஸ் பெண்ணுக்கு முதலில் புரியவில்லை. பிறகு பையைக் கீழே வைத்தாள். அவளுக்கும் சொல்ல ஒன்று இருந்தது, அதை எப்படித் தொடங்குவது என்றுதான் நேற்றிலிருந்து அவளும் ஒளிந்துகொண்டிருந்தாள். நீங்கள் மூடி வைத்த கொஞ்ச நேரத்தில் ஐயாவுக்கு மூச்சு மாறிவிட்டது என்றாள். இத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள், மாறினால் தெரியும். உங்களைக் கூப்பிடத்தான் எழுந்தாளாம். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாராம்.

“எங்கிருந்து அந்தப் பலம் வந்துச்சோ தெரியலம்மா. காதைக் கிட்டக் கொண்டுபோனேன். ‘கூப்பிடாத, மூடியத் திறந்துடுவா’ன்னு சொன்னார். அவ்வளவுதான்.”

கூடத்து மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நர்ஸ் பெண் அழுதாள். நான் கையை உதறிவிட்டு வந்திருக்க வேண்டும், மணிதானே, அடித்துவிடும் என்று நானும் நின்றுவிட்டேன் என்றாள். அவள் அந்தப் பெண்ணின் தலையைத் தடவினாள். சிரிப்பு வந்தது அவளுக்கு. அந்த மனிதர் போகிற நேரத்தில்கூட அந்த மூடியை விடவில்லையே என்று வந்த சிரிப்பு. அது பாதியிலேயே நின்றுபோயிற்று.

“அப்புறம்தான் கூப்பிட்டாரா?”

“யாரும்மா?”

“அவர்தான். டெய்லரம்மான்னு.”

நர்ஸ் பெண் அவளையே பார்த்தாள். “ஐயாவுக்கு ஏதும்மா குரல்?” என்று மெதுவாகக் கேட்டாள். “நீங்க அங்கிருந்து ‘இதோ வர்றேன்’னு சொன்னது எனக்குக் கேட்டுச்சு. யாருக்குப் பதில் சொல்றீங்கன்னு நினைச்சேன். அவர் வாயே அசையலம்மா. நான்தான் பார்த்துக்கிட்டே இருந்தேனே.”

வாசலில் யாராவது வந்து கூப்பிட்டிருப்பார்கள் என்று நர்ஸ் பெண் சொன்னாள். இருக்கும் என்று அவளும் சொன்னாள். பையை எடுத்துக் கையில் கொடுத்தாள். படியில் பார்த்துப் போகச் சொன்னாள்.

கிளம்புகிற நேரத்தில் நாத்தனார் பழக்கூடையைக் காலி செய்துகொண்டிருந்தாள். செய்தித்தாளைப் பிரித்து, இது ஒன்று கிடக்கிறது, ரொம்பக் கனிந்துவிட்டது, போட்டுவிடவா என்றாள். மூன்றாவது பழம். அவள் வாங்கிக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். விரல் உள்ளே போயிற்று. இருக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அத்தையைப் பஸ் ஏற்றிவிட மகன் கூடப் போனான். அரை மணியில் வந்துவிடுவேன், கதவைத் தாழ்ப்பாள் போடாதே என்று சொல்லிவிட்டுப் போனான். பயந்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

சாயங்கால வெயில் சமையலறை மேடையில் விழுந்திருந்தது. இஸ்திரிப்பெட்டியில் கொஞ்சம் கரி மிச்சமிருந்தது. அதைப் பற்றவைத்து ஊதினாள். தக்காளியின் தோல் கருகுகிற வரைக்கும் பொறுத்தாள். வெங்காயத்தை உரிக்காமலே நெருப்பில் போட்டாள். எலுமிச்சம்பழத்தைப் பாதிதான் பிழிந்தாள். மிச்சப் பாதியை என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்று, பிறகு ஜன்னல் விளிம்பில் வைத்தாள். பழத்தை ரொம்பக் கூழாக்காமல் மசித்தாள். கங்கைக் கிண்ணத்தில் எடுத்து நடுவில் வைத்து எண்ணெய் விட்டாள். புகை எழுந்தது. மூடினாள். மணியை ஐந்துக்கு முறுக்கினாள். இரண்டு உள்ளங்கைகளையும் மூடியின் மேல் வைத்து அழுத்தினாள்.

யாரும் இல்லாத வீட்டில் மணியின் சத்தம் பெரிதாக இருந்தது. நாலு என்று முள் காட்டியது. நெளிசல் இருந்த பக்கம் உள்ளங்கையில் சூடு ஏறியது. அவள் கையை எடுக்கவில்லை. பயமாகத்தான் இருந்தது. வராமல் போய்விடுமோ என்பது அதைவிடப் பெரிய பயமாக இருந்தது. முள் மூன்றுக்கு வந்தது.

“டெய்லரம்மா...”

அவள் மூடியைத் தூக்கிவிட்டாள்.

தூக்கிய மூடியை எங்கே வைத்தாள் என்று அவளுக்குத் தெரியாது. பாத்திரத்தை அப்படியே இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு நடந்தாள். புகை அவளுக்கு முன்னால் போயிற்று. உள்ளறையில் கட்டில் சட்டம் மட்டும் இருந்தது. நாத்தனார் திறந்து வைத்த ஜன்னல் அப்படியே திறந்திருந்தது. பாத்திரத்தைக் கட்டில் பலகையில் வைத்துவிட்டு, ஜன்னலைச் சாத்திக் கொக்கியை மாட்டினாள். பிறகு அவருடைய தலைமாட்டுப் பக்கம் உட்கார்ந்து, மூச்சு வாங்க, “சொல்லுங்க” என்றாள்.

சமையலறையில் மணி அடித்தது. அவள் எழுந்து போகவில்லை.